மாணவர் இடும் மதிப்பெண்



சென்ற திங்கள் இரண்டாம் ஞாயிறன்று திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். இப்பகுதியை நெடுநாளாய் வாசித்துவரும் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் கையில் மடித்த தாள்கள் நான்கைந்து இருந்தன. "ஐயா, நீங்கள் வணிகவியல் கற்பித்தவர். இவற்றைப் படித்துப் பார்த்து எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும்" என்றார். அவருடைய மூத்த மகள் அமெரிக்க நாட்டின் நடுமேற்கு மாநிலம் ஒன்றிலுள்ள பல்கலைக் கழகத்தில் வணிக நிருவாக முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தை வங்கியில் ஈடாக வைத்து, முப்பது இலட்சம் ரூபாய் கடன் பெற்று அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் அவளுக்குப் பின் இன்னும் இருவர் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் நான் அறிவேன்.

அப்பல்கலைக் கழகத்தில் 'கார்ப்பரேட் பைனான்ஸ்' எனப்படும் நிறுவன நிதியியல் பாடத்தை இரு பேராசிரியர்கள் தனித்தனி வகுப்புகளாக நடத்துகின்றனர். எவருடைய வகுப்பில் சேர்வது என்பதை மாணவரே தேர்ந்துகொள்ளலாம். நம் கல்லூரிகளில் கால அட்டவணை எவரைக் காட்டுகிறதோ அவரே பெரும்பாலும் நமக்கு ஆசான், அங்கு அப்படியன்று. ஆகவே முந்திய ஆண்டுகளில் படித்துச் சென்ற மாணவர்கள் அவ்விருவரைப் பற்றியும் எழுதிவைத்த கருத்துரைகளைத் திரட்டி, மகள் தந்தைக்கு அனுப்பியிருந்தாள். அன்பர் கையில் இருந்த தாள்கள் அவையே.

வீட்டிற்கு எடுத்துச் சென்று இருமுறை படித்தேன். முதலாமவரைப் பற்றி எழுதிய யாவரும் மகிழ்ந்து எழுதியிருந்தனர். நகைச்சுவை ததும்பப் பேசுவார். தேர்வில் எது வரும் என்பதை முன்கூட்டியே கோடிட்டுக் காட்டிவிடுவார். மணி அடிக்குமுன்பே வகுப்பை முடித்துவிடுவார். மதிப்பெண் இடுவதில் தாராளமான கை. இரண்டாமவர் ஒரு பெண்மணி. அவரைப் பற்றிய கருத்துகள் இரண்டாய்ப் பிளந்து கிடந்தன. வாரந்தோறும் கணக்கு உண்டு. உண்மையான நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையை எடுத்து முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆராயவேண்டும். விடை சரியாயிருந்தாலும் காரணம் எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்தான். கடுகடுத்த முகத்தினர் என்று ஒருவர் எழுதியிருந்தார். சிரிக்கவே அறியாதவர் என்று மற்றொருவர். அவர் உடுத்தும் உடையைப் பற்றிக்கூட ஒருவர் எழுதியிருந்தார்! ஆயினும், வேலைக்குச் சென்ற பின் எழுதியவர்கள் போலும், இருவர் மட்டும் அவருடைய வகுப்பில் எழுதிய குறிப்பேட்டை இன்றும் அலுவலக மேசையில் வைத்திருப்பதாகக் குறித்திருந்தனர்.

மகள் முதலாமவர் பக்கம் சாய்ந்திருக்கிறாள். நல்ல மதிப்பெண் இல்லாவிட்டால் நல்ல வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கடன் அடைவதில்லை என்பது அவள் வாதம். தள்ளிவிடக்கூடிய வாதமன்று அது. "கடன் வாங்கி அனுப்பியது மதிப்பெண் வாங்கவா, பாடம் படிக்கவா என்று எனக்கே விளங்கவில்லை ஐயா" என்றார் தந்தை. அந்தக் கேள்விக்கு என்னால் இயன்ற அளவு இத்திங்கள் இங்கே விடை தேட முயல்கிறேன். வெளியூரிலோ வெளிநாட்டிலோ பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் வேறு குடும்பங்களுக்கும் இது உதவக்கூடும்.

முதலில் அந்தப் பாடம் யாது என்று பார்ப்போம். பெயர் பெரிது; ஆனால் அதன் உள்ளீடு மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். கையிலுள்ள பணத்தை எந்தத் தொழிலில், எந்த இயந்திரத்தில், எந்த முயற்சியில் இடுவது? அதற்கு வேண்டிய பணத்தைக் கடனாகப் பெறுவதா, உரிமையாளர்களின் பங்காகத் திரட்டுவதா? ஈட்டிய இலாபத்தில் எவ்வளவைத் திரும்பத் தொழிலில் இடுவது, எவ்வளவை உரிமையாளர் கையில் கொடுத்துவிடுவது? இம்மூன்றும் ஒரு பெரிய ஆலையின் இயக்குநர் அவையில் மட்டும் எழும் கேள்விகள் அல்ல. நம் அன்பர் மகளை அயல்நாட்டிற்கு அனுப்பத் துணிந்தது முதற் கேள்விக்கு விடை. ஊரிலிருக்கும் நிலத்தை விற்காமல் வீட்டை ஈடு வைத்தது இரண்டாவதற்கு விடை. வரும் ஊதியத்தில் தவணைக்கு எவ்வளவு, இளைய பிள்ளைகளின் படிப்பிற்கு எவ்வளவு என்று மாதந்தோறும் அவருடைய துணைவியார் பிரித்து வைப்பதுதான் மூன்றாவது. பாடநூலைத் தொடாமலேயே அக்குடும்பம் அந்தப் பாடத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

இப்பாடத்தின் முதுகெலும்பு ஒன்று உண்டு. இன்று கிடைக்கும் ஆயிரம் ரூபாயும் பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் ஆயிரம் ரூபாயும் ஒன்றல்ல என்பதே அது. பணம் ஆண்டிற்குப் பத்து விழுக்காடு வளரும் என்று கொண்டால், பத்தாண்டு கழித்து வரும் ஆயிரம் ரூபாய்க்கு இன்றைய மதிப்பு ஏறத்தாழ 386 ரூபாய்தான். எனவே ஒரு முயற்சி நன்றா தீதா என்று முடிவு செய்ய, அதனால் இவ்வாண்டு வருவதை மட்டும் பார்த்தல் போதாது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வரக்கூடியவற்றையெல்லாம் எண்ணி, ஒவ்வொன்றையும் இன்றைய மதிப்பிற்குக் குறைத்து, கூட்டிப் பார்க்கவேண்டும். மாணவர்கள் திணறுவது இங்கேதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்வது ஒரு மணி நேர வேலை. எந்த விழுக்காட்டால் குறைப்பது, அந்த விழுக்காட்டை எங்கிருந்து எடுப்பது, வரப்போவதை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பவற்றை உணர ஒரு பருவம் முழுவதும் வேண்டும். இப்பாடத்தைப் பற்றி மாணவர் எழுதும் குறைகளில் பெரும்பகுதி, சூத்திரத்தைத் தந்துவிட்டுப் போகாமல் ஆசிரியர் ஏன் இப்படி இழுத்தடிக்கிறார் என்பதாகவே இருக்கக் காண்கிறோம்.

மாணவர் ஆசிரியரை எடைபோடுவது இக்காலத்துப் புதுமை என்று எண்ணவேண்டா. இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரில் இடைக்காலத்தில் பல்கலைக் கழகத்தை நடத்தியவர்களே மாணவர்கள்தாம். ஊதியம் அளித்தவர்களும் அவர்களே. ஆகவே சட்டம் இயற்றியவர்களும் அவர்களே. நமக்குக் கிடைத்துள்ள 1317-ஆம் ஆண்டுச் சட்டங்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், இரக்கமும் வரும். பேராசிரியர் ஒருநாள்கூட இசைவின்றி விடுப்பு எடுத்தல் ஆகாது. நகரை விட்டு வெளியே செல்ல விரும்பினால் திரும்பி வருவதற்குப் பிணையாகப் பணம் கட்டவேண்டும். மணி அடித்ததும் தொடங்கவேண்டும். அடுத்த மணி அடித்த ஒரு நிமிடத்திற்குள் முடிக்கவேண்டும். ஓர் அத்தியாயத்தையும் விட்டுவிட்டுத் தாண்டக் கூடாது. விரிவுரை கேட்க ஐவர்கூட வரவில்லையெனில், அவர் வகுப்பிற்கே வரவில்லை என்று கருதி அபராதம்! நாற்பதாண்டு ஆசிரியப் பணி ஆற்றிய எனக்கு, அந்நாளில் அங்கே பிறவாமற் போனது பெரும் பேறு என்றே தோன்றுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆசிரியர் நேரத்திற்கு வந்தாரா, பாடத்தை முடித்தாரா, எதையேனும் விட்டாரா என்று கண்ணால் கண்டு எண்ணக்கூடியவற்றையே அம்மாணவர்கள் விசாரித்தனர்.

இக்காலத்துக் கருத்துப் படிவம் அமெரிக்காவில் 1920-களில் தோன்றியது. பர்டியூ பல்கலைக் கழகத்தைச் சார்ந்த ஹெர்மன் ரெம்மர்ஸ் என்பார் வகுத்த அளவுகோல் 1927-இல் வெளிவந்தது. பின்னர் அது உலகெங்கும் பரவி, இன்று நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் பருவ இறுதியில் மாணவர் கையில் ஒரு படிவமாக வந்து நிற்கிறது. இதில், கண்டு எண்ணக்கூடியவற்றோடு உணர்ந்து சொல்லவேண்டியவையும் சேர்ந்துகொண்டன. 'இவரிடம் நான் நன்றாகக் கற்றேனா?' என்பது அப்படிப்பட்ட ஒன்று. கற்றோமா இல்லையா என்பது கற்பவனுக்கு அன்றே தெரிந்துவிடுமா?

இக்கேள்விக்கு அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் கிடைத்த விடை நம் அன்பருக்கு மிகவும் பயன்படும். கொலராடோ மாநிலத்திலுள்ள அக்கல்லூரியில் எந்த மாணவர் எந்த ஆசிரியரின் வகுப்பிற்குப் போவது என்பதில் மாணவரின் விருப்பத்திற்கு இடமில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் பிரித்து விடுகிறார்கள். எல்லாப் பிரிவினருக்கும் தேர்வுத்தாள் ஒன்றே. முதற் கணிதப் பாடத்தை முடித்தவர்கள் யாவரும் அடுத்த கணிதப் பாடத்தையும் கட்டாயம் படித்தாகவேண்டும். ஆகவே ஆசிரியரின் திறமையை அளக்க இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. காரெல், வெஸ்ட் என்னும் பொருளியலறிஞர் இருவர் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

அவர்கள் கண்டது வியப்பானது. அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தின் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றனர்; தம் ஆசிரியரைப் பற்றி நல்ல கருத்தும் எழுதினர். அனுபவம் மிக்க, உயர் பட்டம் பெற்ற ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தத் தேர்வில் சற்றுப் பின்தங்கினர். ஆசிரியரைப் பற்றிக் குறைவாகவே எழுதினர். ஆனால் அடுத்த பாடத்திற்குச் சென்றபோது நிலை தலைகீழாயிற்று. பின்னவர்களே முன்னேறினர். முதல்வகை ஆசிரியர் தேர்வுக்கு வேண்டியதைக் கற்பித்தார். இரண்டாம் வகையினர் பாடத்திற்கு வேண்டியதைக் கற்பித்தார் என்றே இதற்குப் பொருள் கொள்ளத் தோன்றுகிறது. மாணவர்கள் பொய் சொல்லவில்லை. கருத்துப் படிவம் அவர்கள் கைக்கு வந்த நாளில் அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவே.

நிறுவன நிதியியலும் கணிதம் போன்றே அடுக்கின்மேல் அடுக்காக ஏறும் பாடம். இதன்மேல்தான் பங்குகளை மதிப்பிடும் பாடம், நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதைப் பற்றிய பாடம் எல்லாம் கட்டப்படுகின்றன. அடித்தளம் ஆட்டங்கண்டால் அது தெரிவது இரண்டாம் மாடியில்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எதையும் இவ்வாண்டு வரவைக் கொண்டு மட்டும் மதிப்பிடாதே, பின்வரும் ஆண்டுகளையும் கூட்டிப் பார் என்று கற்பிக்கும் பாடத்தை, அதன் மாணவர்களே பருவத்தின் கடைசி வாரத்து மனநிலையைக் கொண்டு மதிப்பிட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் மாணவர் விரும்பும் ஆசிரியரெல்லாம் மேலோட்டமானவர் என்றும், மாணவர் வெறுப்பவரெல்லாம் ஆழமானவர் என்றும் முடிவுகட்டலாமா? ஒருக்காலும் ஆகாது. சோம்பலையும் ஆயத்தமின்மையையும் 'கண்டிப்பு' என்ற போர்வையால் மூடிக்கொண்டு திரிந்த ஆசிரியர்களை நானே அறிவேன். மாறாக, கடினமான பாடத்தை மாணவர் உள்ளங் கவரக் கற்பிக்க முடியும் என்பதற்கு, இதே பாடத்தில் உலகறிந்த சான்று ஒருவர் இருக்கிறார். அவர் நம் சென்னையிலிருந்து சென்றவர் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

நியூயார்க் பல்கலைக் கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரனைப் பற்றியே சொல்கிறேன். இயேசு சபையார் நடத்தும் சென்னை இலொயோலாக் கல்லூரியில் வணிகவியல் இளநிலைப் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்று, பின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் முனைவரானவர். அங்கே மாணவராய் இருந்தபோது துணையாசிரியராக வகுப்பெடுக்கச் சென்றவர், இதுவே தம் வாழ்நாட் பணி என்று கண்டுகொண்டதாகக் கூறியிருக்கிறார். பெர்க்லி நகரில் ஈராண்டு கற்பித்தபோதே, 1985-இல், சிறந்த ஆசிரியருக்கான விருதைப் பெற்றார். 1986-இல் நியூயார்க்கிற்கு வந்தார். அங்கே படிப்பை முடித்து வெளியேறும் மாணவர்களே தேர்ந்து வழங்கும் நல்லாசிரியர் விருது 1988 தொடங்கிப் பலமுறை அவரையே நாடி வந்தது.

அவர் எளிதான ஆசிரியர் என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய நிறுவன நிதியியல் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் உண்மையான நிறுவனம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, பருவம் முழுவதும் அதனோடே வாழவேண்டும். அந்நிறுவனத்தை உண்மையில் ஆள்பவர் யார், பங்குதாரரா மேலாளரா? அதன் தொழிலில் இடர் எவ்வளவு? கடன் மிகுதியா குறைவா? இலாபத்தைப் பங்குதாரருக்கு ஒழுங்காகப் பகிர்கிறதா? இறுதியில், அதன் மதிப்பு என்ன? இப்படிப் பாடத்தின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் அந்த ஒரே நிறுவனத்தின்மேல் பொருத்திப் பார்க்கவேண்டும். இதற்கென அவர் எழுதிய நூலிலும் இதே முறைதான். 2014-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் வால்ட் டிஸ்னி நிறுவனம், நம் டாட்டா மோட்டார்ஸ், பிரேசில் நாட்டுச் சுரங்க நிறுவனம் ஒன்று, சீன நிறுவனம் ஒன்று, ஜெர்மானிய வங்கி ஒன்று ஆகியவற்றோடு, தனியார் புத்தகக் கடை ஒன்றும் முதலிலிருந்து முடிவு வரை தொடர்ந்து வருகிறது. டிஸ்னிக்குச் சொன்ன அதே நியாயம் புத்தகக் கடைக்கும் பொருந்துமா என்று மாணவன் கேட்டுக்கொண்டே போகவேண்டும். வகுப்பிலே நடக்கும் சிறுதேர்வுகளுக்கு நூலையும் குறிப்பையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டும் விடை தெரியாமல் விழிப்பது எவ்வளவு சங்கடம் என்பதை எழுதியவர்களிடம் கேட்டால் தெரியும்.

என்னை மிகவும் ஈர்த்தது மற்றொன்று. தம் விரிவுரைகள், பாடத்தாள்கள், முந்திய ஆண்டுகளின் தேர்வுத்தாள்கள், அவற்றின் விடைகள் ஆகியவற்றை அவர் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி பொதுவில் வைத்திருக்கிறார். நியூயார்க் வகுப்பறையில் பெருந்தொகை செலுத்தி அமர்ந்திருக்கும் மாணவன் கேட்பதையே, செல்பேசி ஒன்று வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். அப்படியானால் அந்த மாணவன் எதற்குப் பணம் செலுத்துகிறான் என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான்; பட்டத்திற்கும், உடன் படிப்போரின் தோழமைக்கும், வேலைவாய்ப்பிற்கும் என்பதே விடையாக இருக்கும். ஆனால் நம் அன்பரின் மகளுக்கு இதனால் ஒரு வசதி உண்டு. தன் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர்களைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்பதற்குமுன், இந்தப் பாடம் நன்றாகக் கற்பிக்கப்பட்டால் எப்படியிருக்கும் என்பதை அவள் தானே கண்டறியலாம். பொன்னின் மாற்று அறிய உரைகல் வேண்டுமல்லவா?

இரண்டாமவர் பெண்மணி என்றேன். அதைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக் கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. நேருக்கு நேர் காணாமல் கணிப்பொறி வழியே நடந்த வகுப்பு அது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கற்பித்தனர். இருவரும் ஒரு குழுவிற்குத் தம் பெயரிலும், மறு குழுவிற்கு மற்றவர் பெயரிலும் கற்பித்தனர். கற்பித்தவர் எவராயினும், ஆணென்று மாணவர்கள் நம்பியவருக்கே கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. தாள்களைத் திருத்தித் திருப்பித் தந்த வேகம் இரு பெயர்களிலும் ஒன்றேயாயினும், அந்த வேகத்திற்குக்கூட ஆண் பெயருக்கே அதிகப் புள்ளி! இச்சோதனையின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. சோதனைக்கு உட்பட்ட மாணவர் தொகை ஐம்பதுக்கும் குறைவு. ஆதலால் இதை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தையே குற்றஞ்சாட்டுதல் முறையன்று. எனினும் 'கடுகடுத்த முகத்தினர்' என்ற சொல்லை நான் மறுபடி படித்தபோது, இதே கண்டிப்பு ஓர் ஆடவரிடம் இருந்தால் 'கட்டுப்பாடு மிக்கவர்' என்று எழுதியிருப்பார்களோ என்று நினையாமல் இருக்க முடியவில்லை. தன் மகளும் ஒருநாள் எங்கோ ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்து கண்டிப்பாக இருக்கவேண்டி வரும் என்பதைத் தந்தையிடம் நினைவூட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

இவ்வளவும் ஏட்டறிவு. என் சொந்தக் கணக்கு ஒன்றும் உண்டு. அதை மறைத்துவிட்டு அறிவுரை கூற மனம் ஒப்பவில்லை.

1970-களின் நடுவில் நான் வணிகவியல் முதுகலை படித்தபோது, நிதி மேலாண்மைப் பாடத்திற்கு ஓர் ஆசிரியர் வந்தார். மெல்லிய குரல், நகைச்சுவை என்பது அறவே இல்லை. 'இன்றைய மதிப்பு' என்ற ஒரே அத்தியாயத்தில் அவர் நின்றுவிட்டார். அட்டவணையைப் பார்க்கக் கூடாது, ஒவ்வோர் ஆண்டின் வரவையும் கையாலேயே பெருக்கி வகுத்துக் கண்டுபிடிக்கவேண்டும் என்பார். ஒரு கிணறு வெட்டினால் பயன் உண்டா, ஒரு நெசவுத்தறி வாங்கினால் பயன் உண்டா என்று கணக்கின்மேல் கணக்கு. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, மற்றப் பாடங்கள் கிடந்தன. வகுப்பில் சலசலப்பு எழுந்தது. மூன்று வாரமாக ஒரே அத்தியாயத்தில் காலத்தை வீணாக்குகிறார், கற்பிக்கத் தெரியவில்லை என்று முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். அதை எழுதிய கை என்னுடையது. அன்று என் கையெழுத்து அழகாயிருக்கும். வகுப்பில் இருவர் தவிர எல்லோரும் கையொப்பமிட்டோம். பத்து நாளில் அவர் எங்கள் வகுப்பிலிருந்து மாற்றப்பட்டார். பின் வந்தவர் குறிப்புகளைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். அனைவரும் தேறினோம். வெற்றி என்றே கொண்டாடினோம்.

நான்காண்டு கழித்து, விரிவுரையாளராய் நானே அதே அத்தியாயத்தை நடத்த வகுப்பில் நின்றேன். எழுதி வாங்கிய குறிப்புகள் என்னிடம் இருந்தன. ஆனால் முன் வரிசையில் இருந்த மாணவன் ஒருவன், "ஏன் சார் பத்து விழுக்காடு? ஏன் எட்டு இல்லை?" என்று கேட்டபோது குறிப்பில் விடை இல்லை. அன்றிரவு பெட்டியின் அடியிலிருந்த பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். கிணற்றுக் கணக்கில் இருந்தது விடை. கடன் வாங்கி வெட்டும் கிணற்றுக்கு ஒரு விழுக்காடு, சேமிப்பிலிருந்து வெட்டும் கிணற்றுக்கு ஒரு விழுக்காடு, மழை பொய்க்கும் ஊரில் வேறொரு விழுக்காடு என்று அந்த மெல்லிய குரல் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தது, நான் எழுதியும் வைத்திருந்தேன், விளங்கிக்கொள்ளவில்லை. அந்த ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டே என் ஆசிரியப் பணியை நடத்தினேன் என்றால் மிகையாகாது.

அவர் ஓய்வு பெற்ற பின், விலாசம் தேடிச் சென்று பார்த்தேன். துணைவியார் காப்பி கொண்டுவந்து வைத்தார். விண்ணப்பத்தை எழுதியவன் நானே என்று சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. என் கையெழுத்தை அவர் தேர்வுத்தாளில் பார்த்தவரல்லவா? சற்று நேரம் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மூன்று வாரம் என்று எழுதியிருந்தீர்கள் தம்பி. மூன்று வாரம் இல்லை, பதினொரு வகுப்பு. எண்ணிப் பார்க்காமல் எழுதிவிட்டீர்களே." அவருக்கு வருத்தம் அந்த எண்ணைப் பற்றியதுதானா, வேறெதையும் பற்றியதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே அன்பரிடம் நான் கூறியது இதுதான். கருத்துரைகளைத் தூக்கி எறியவேண்டா. ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் நேரத்திற்கு வருகிறாரா, தாள்களைத் திருத்தித் தருகிறாரா, கேள்வி கேட்டால் செவி கொடுக்கிறாரா, சொன்னபடி பாடத்தை முடிக்கிறாரா, எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கிறாரா? இவற்றில் மாணவன் கண்கண்ட சாட்சி. அவன் சொல்லை நம்பலாம். பலர் ஒரே குறையைச் சொன்னால் கட்டாயம் நம்பவேண்டும். பாடம் ஆழமானதா, பயனுள்ளதா என்பவற்றில் பருவ முடிவில் எழுதியவன் சாட்சியைவிட, ஐந்தாண்டு கழித்து எழுதியவன் சாட்சிக்கே எடை அதிகம். குறிப்பேட்டை மேசைமேல் வைத்திருப்பதாக எழுதிய அந்த இருவரின் வரிகளை மகளுக்குக் கோடிட்டு அனுப்பச் சொன்னேன். மதிப்பெண்ணைப் பற்றிய அவளது அச்சத்தையும் அலட்சியம் செய்யவில்லை. இரண்டாமவர் வகுப்பில் மதிப்பெண் எவ்வாறு இடப்படுகிறது, பின்தங்கியவர்க்கு மீள வழி உண்டா என்று அவரிடமே நேரில் சென்று கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும் என்றேன். அங்கே பேராசிரியர்கள் அதற்கென நேரம் ஒதுக்கி வைத்திருப்பார்கள்; கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கடந்த வாரம் மீண்டும் சந்தித்தோம். மகள் தாமோதரனின் விரிவுரைகளில் முதல் நான்கைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் பேராசிரியரையும் போய்ப் பார்த்திருக்கிறாள். அரைமணி நேரம் அமர வைத்துப் பேசினாராம், சிரித்தாராம்கூட! அவருடைய வகுப்பிலேயே சேர்ந்துவிட்டாள். முதற் சிறுதேர்வில் இருபதுக்குப் பதினொன்று. தாய்க்கு அதில் கவலை. இனிமேல்தான் ஏறவேண்டும் என்று தொலைபேசியில் அழுகை. தந்தைக்கோ வேறொரு கவலை முளைத்திருக்கிறது. வகுப்பில் கொடுத்த பயிற்சிக்காக, தங்கள் வீட்டுக் கடனின் தவணை அட்டவணையையே அனுப்பச் சொல்லி மகள் வாங்கியிருக்கிறாள். வங்கி பத்தரை விழுக்காடு என்று சொன்ன வட்டியோடு, தொடக்கத்தில் பிடித்துக்கொண்ட சேவைக் கட்டணத்தையும் காப்பீட்டுத் தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டால், உண்மையில் பதினொன்றைத் தாண்டுகிறது என்று எழுதியிருக்கிறாள். அந்தக் காப்பீடு கட்டாயந்தானா, நாம் கேட்டு வாங்கியதா என்று வங்கியில் விசாரிக்கும்படியும் குறித்திருக்கிறாள். கூட்டலும் வகுத்தலும் வரி வரியாய் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் காரணம் எழுதியிருக்கிறது.

ஆசிரியையைப் பற்றிய கருத்துப் படிவம் அவள் கைக்கு டிசம்பரில்தான் வருமாம். அன்பர் வரும் திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறார். அந்தக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு நானும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.